குணமாக்காத ஆபரேஷன் எதற்கு?



சென்ற ஆண்டு எங்கள் மருத்துவ உதவிக் குழுவின் மாதக் கூட்டத்துக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. தையல் தொழில் செய்து குடும்பத்தைக் காப்பாற்றிய ஒரு பெரியவர். பெருங்குடலில் கேன்சர், கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் பரவிவிட்டது. ஆபரேஷன் குடல் அடைப்புக்காக மட்டுமே, நோயைக் குணப்படுத்த அல்ல என்று டாக்டர் சீட்டில் தெளிவாகவே எழுதியிருந்தார். எங்களில் ஒருவர் கேட்டார்: "குணமாகாது என்று டாக்டரே எழுதிய பிறகு ஜகாத் பணத்தை இதற்குக் கொடுப்பதா? குணமாகக்கூடிய ஒரு பிள்ளைக்குக் கொடுத்தால் ஆகாதா?" கேள்வி நியாயமாகத்தான் தெரிந்தது. முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தோம்.

அடுத்த கூட்டத்துக்குள் அவருக்குக் குடல் முழுவதுமாக அடைத்துக்கொண்டது. நள்ளிரவில் அவசர ஆபரேஷன். பிழைத்துக்கொண்டார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பகலில், முன்கூட்டித் திட்டமிட்டுச் செய்திருந்தால் பட வேண்டியிராத பாடுகளைப் பட்டார். அந்தத் தாமதத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு. அதன் பிறகுதான் டாக்டர்களிடமும், ஸ்டோமா பராமரிப்பு தெரிந்த நர்ஸ்களிடமும், நம் ஆலிம்களிடமும் உட்கார்ந்து விவரம் கேட்டோம். கேட்டதை இங்கே எழுதுகிறோம். இதே கேள்வியோடு எந்த வீட்டில் யார் தவித்துக்கொண்டிருக்கிறார்களோ, அல்லாஹ் அறிவான்.

பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள குழாய். வலது இடுப்புப் பக்கம் தொடங்கி மேலே ஏறி, வயிற்றின் குறுக்கே போய், இடது பக்கம் இறங்கி மலக்குடலில் முடிகிறது. இதன் உட்சுவரில் கட்டி வளர்ந்தால் வழி கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகும். இடது பக்கத்தில் மலம் கெட்டியாக இருப்பதால் அங்கே அடைப்பு சீக்கிரம் தெரியும். வலது பக்கக் கட்டி பெரும்பாலும் ரத்தசோகையாகவும் களைப்பாகவும்தான் முதலில் தலைகாட்டும். (மலத்தில் ரத்தம் போனால் "மூலம்தான்" என்று நாமே முடிவுசெய்து மாதக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டிருப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. நாற்பது வயது கடந்தவர்கள் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மூலமே என்றாலும் ஒரு முறை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.)

கேன்சர் கல்லீரல், நுரையீரல், வயிற்றின் உட்சவ்வு போன்ற இடங்களுக்குப் பரவிவிட்டால் அதை நான்காம் நிலை என்கிறார்கள். இந்தச் சொல்லைக் கேட்டதும் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். கல்லீரலில் மட்டும் ஒன்றிரண்டு கட்டிகள் இருந்தால், குடல் கட்டியையும் கல்லீரல் கட்டிகளையும் எடுத்து முழுக் குணத்துக்கே முயல்வதும் உண்டு. அப்படிக் குணமடைந்து பல ஆண்டுகள் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "டாக்டர், இந்த ஆபரேஷன் குணமாக்குவதற்கா, கஷ்டத்தைக் குறைப்பதற்கா?" பல குடும்பங்கள் இதைக் கேட்பதே இல்லை. கேட்கப் பயம். ஆனால் இதற்கான பதில் தெரியாமல் கையெழுத்துப் போடுபவர்கள்தான் பிறகு, "ஆபரேஷன் பண்ணியும் நோய் போகலையே, ஏமாத்திட்டாங்களே" என்று மனம் உடைகிறார்கள்.

கஷ்டத்தைக் குறைப்பதற்கு என்று டாக்டர் சொன்னால், அது நோய்த்தணிப்பு ஆபரேஷன். பாலியேட்டிவ் என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். இது எந்தக் கஷ்டத்தைக் குறைக்கிறது என்று புரிய, குடல் அடைத்தால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மலமும் காற்றும் போக வழியில்லாமல் வயிறு மத்தளம் போல உப்பும். விட்டுவிட்டு முறுக்கிப் பிழியும் வலி வரும். கடைசியில் வாந்தி, அதிலும் மல வாடை. அழுத்தம் கூடிக்கொண்டே போனால் குடல் கிழிந்து மலம் வயிற்றுக்குள் கொட்டும். அப்படி ஆனவரைக் காப்பாற்றுவது மிகக் கடினம். ஒரு மனிதர் அந்த நிலையில் உலகை விட்டுப் பிரிவதற்கும், அடைப்பு நீங்கி, கஞ்சியோ மீன் குழம்போ நாலு வாய் சாப்பிட்டு, பேரப்பிள்ளைகளோடு சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ இருந்து பிரிவதற்கும் உள்ள தூரத்தைத்தான் இந்த ஆபரேஷன் கடக்க வைக்கிறது. அடைப்பு நீங்கினால்தான் கீமோதெரபியும் தொடங்க முடியும். எங்கள் கூட்டத்தில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

ஒரு எச்சரிக்கை. கட்டி இருப்பது தெரிந்த ஒருவருக்கு வயிறு உப்பி, காற்றுப் பிரியாமல், வாந்தி வந்தால் விளக்கெண்ணெயோ பேதி மாத்திரையோ எனிமாவோ கொடுக்காதீர்கள். அடைபட்ட குழாயைப் பின்னாலிருந்து தள்ளுவது போல அது ஆகிவிடும். விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அடைப்பை நீக்கப் பல வழிகள் இருக்கின்றன. கட்டி இருக்கும் இடத்தையும் நோயாளியின் உடல் பலத்தையும் பார்த்து டாக்டர் தேர்ந்தெடுப்பார். வலது பக்கக் கட்டி என்றால், அதைத் தொடாமலேயே சிறுகுடலைக் கட்டிக்கு அப்பால் உள்ள பெருங்குடலோடு இணைத்துவிடலாம். ஊருக்குள் போக முடியாத லாரிக்குப் புறவழிச் சாலை போட்டது மாதிரி. உடல் தாங்கும் என்றால் கட்டியையே வெட்டி எடுப்பதும் உண்டு. இடது பக்கமோ மலக்குடலோ என்றால், பெரும்பாலும் குடலின் ஒரு பகுதியை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து மலத்தைப் பையில் சேர விடுவார்கள். வெளியே தெரியும் அந்த வாய்க்கு ஸ்டோமா என்று பெயர். பெருங்குடலில் வைத்தால் கொலாஸ்டமி, சிறுகுடலில் வைத்தால் இலியாஸ்டமி.

வயிற்றைத் திறக்காத வழியும் உண்டு. ஆசனவாய் வழியாக கொலோனோஸ்கோப் கருவியைச் செலுத்தி, அடைப்பு உள்ள இடத்தில் உலோக வலைக்குழாய் ஒன்றை வைப்பார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதே கருத்துதான். உள்ளே போய் விரிந்து வழியைத் திறந்துவிடும். சில நாட்களில் வீட்டுக்கு வந்துவிடலாம், பை தேவைப்படாது. ஆனால் ஆசனவாய்க்கு மிக அருகில் உள்ள கட்டிக்கு இது ஒத்துவராது. அங்கே வைத்தால் வலியும், எந்நேரமும் மலம் வருவது போன்ற உணர்வும் பாடாய்ப் படுத்தும். சிலருக்கு ஸ்டென்ட் நகர்ந்துவிடும், சிலருக்குக் கட்டி வலைக்குள் வளர்ந்து மறுபடி அடைக்கும், அரிதாகக் குடல் கிழியவும் கூடும். பெவாசிஸுமாப் என்ற மருந்து பெறுபவர்களுக்கு அந்தக் கிழிசல் ஆபத்து கூடுதல் என்பதால், எந்த கீமோ கொடுக்கப் போகிறார்கள் என்பதை ஸ்டென்டுக்கு முன்பே இரண்டு டாக்டர்களும் பேசிக்கொள்வது நல்லது. கீழ்ப்பகுதியில் ரத்தக்கசிவும் வலியும்தான் பெருந்தொல்லை என்றால், கத்தியே படாமல் ரேடியேஷனால் அடக்க முடிகிறது.

எப்போது ஆபரேஷன் வேண்டாம் என்பதும் அதே அளவு முக்கியம். "கட்டியை உள்ளே விட்டு வைக்கலாமா? எப்படியாவது எடுத்துடுங்க" என்று வற்புறுத்தும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். ஜப்பானில் இதையே ஆராய்ந்தார்கள். நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவி, எடுக்க முடியாத நிலையில், ஆனால் குடல் கட்டியால் தொந்தரவு எதுவும் இல்லாத 165 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கட்டியை எடுத்துவிட்டு கீமோ, மறு பிரிவுக்கு நேராக கீமோ. 2021இல் முடிவு வெளியானது. இரு பிரிவினரும் வாழ்ந்த காலம் ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் 26 மாதங்கள். அடைப்போ கசிவோ இல்லாதபோது கட்டியை எடுப்பதால் ஆயுள் கூடவில்லை. எனவே டாக்டர் "இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், கீமோ தொடங்கலாம்" என்றால் கைவிட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள்.

இன்னொரு நிலை இருக்கிறது. வயிற்றின் உட்சவ்வு முழுவதும் நோய் பரவி, குடல் பல இடங்களில் அடைபட்டிருக்கும். வயிற்றில் நீர் கோத்திருக்கும், ஆள் படுக்கையோடு இருப்பார். ஓர் இடத்தைச் சரிசெய்தால் அடுத்த இடம் அடைக்கும். அங்கே ஆபரேஷன் மிச்சமிருக்கும் நாட்களையும் மருத்துவமனையிலேயே தீர்த்துவிடும். அதற்குப் பதில் வாந்தியையும் குடல் சுரப்பையும் குறைக்கும் ஆக்ட்ரியோடைடு போன்ற ஊசிகள், டெக்ஸாமெத்தசோன், வலி மருந்து, தேவைப்பட்டால் மூக்கு வழியே ஒரு டியூப் என்று பெரும்பாலான கஷ்டத்தைக் கட்டுக்குள் வைக்கலாம். இப்படிப்பட்ட நிலையில் ஆபரேஷனை மறுத்தால் பாவமாகுமா என்று ஒரு சகோதரி எங்களிடம் கேட்டார். மருத்துவம் செய்துகொள்வது நம் மார்க்கம் ஏவிய காரியம். ஆனால் பலன் நிச்சயமில்லாத சிகிச்சையை எப்படியும் செய்தே தீர வேண்டும் என்று பெரும்பாலான ஃபிக்ஹு அறிஞர்கள் கடமையாக்கவில்லை என ஆலிம்கள் விளக்கினார்கள். உயிரைப் போக்குவது வேறு, பலனற்ற வேதனையைத் தவிர்ப்பது வேறு.

இனி அந்தப் பை. உண்மையில் எங்களிடம் வருபவர்களில் பாதிப்பேர் கேன்சரைவிட இதற்குத்தான் அஞ்சுகிறார்கள். "நஜீஸை வயித்துல கட்டிக்கிட்டு எப்படித் தொழுவேன்?" என்று மேலே சொன்ன பெரியவர் அழுதார். ஆபரேஷனுக்கு முன்பு இதை யாரும் அவரிடம் பேசவில்லை என்பதுதான் வருத்தம்.

ஆலிம்கள் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறோம். தன் கட்டுப்பாட்டில் இல்லாமல் தொடர்ந்து வெளியேறும் நிலையில் உள்ளவர் மார்க்கத்தில் தங்கடமுள்ளவர். அவர் தொழுகைக்கு நேரம் வந்த பின் ஒளு செய்து தொழ வேண்டும், பையில் மலம் வந்துகொண்டிருந்தாலும் தொழுகை கூடும். ஹனஃபி மத்ஹபில் அந்த வக்து முடியும்வரை அந்த ஒளு போதும், வேறு காரணத்தால் முறியாத வரை. ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வொரு ஃபர்ளுக்கும் தனி ஒளு, செய்தவுடன் தாமதிக்காமல் தொழ வேண்டும், சுன்னத்துகள் எத்தனையும் தொழலாம். தொழும் முன் முடிந்தால் பையைக் காலி செய்துகொள்வது நல்லது. கசிவில்லாமல் பை ஒட்டியிருந்தால் பள்ளிவாசலுக்கு வரலாம், ஜும்ஆவில் கலந்துகொள்ளலாம், உம்ரா போய் வந்தவர்களும் இருக்கிறார்கள். இலியாஸ்டமி உள்ளவர்களுக்கு உடல் நீர் வேகமாக வற்றும் என்பதால் டாக்டரைக் கேட்காமல் நோன்பு வைக்க வேண்டாம். குணமாகும் நம்பிக்கை இல்லாத நோயாளிக்கு ஃபித்யாவின் சலுகை இருக்கிறது. உங்கள் நிலைமைக்கு உரிய சட்டத்தை உங்கள் மஹல்லா ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் ஒரு காரியம் அவசியம். ஸ்டோமா எங்கே வர வேண்டும் என்று வயிற்றில் பேனாவால் குறி போடுவார்கள். அப்போது நோயாளியைப் படுக்க வைத்து மட்டும் பார்க்க விடாதீர்கள். நிற்க, உட்கார, குனியச் சொல்லிப் பார்க்கட்டும். கைலி எங்கே கட்டுவார், பாவாடை நாடா எங்கே வரும், ருகூவுக்கும் சஜ்தாவுக்கும் போகும்போது வயிறு எங்கே மடியும் என்பதை நர்ஸிடம் சொல்லுங்கள். மடிப்பில் வந்த ஸ்டோமாவில் பை ஒட்டாது, கசிந்துகொண்டே இருக்கும். இரண்டு விரற்கடை மேலே கீழே தள்ளிக் குறி போட்டிருந்தால் பின்னால் வரும் அவதி மிச்சம். அவசர ஆபரேஷனில் இதற்கெல்லாம் நேரம் கிடைப்பதில்லை. எங்கள் பெரியவருக்குக் கைலி கட்டும் இடத்திலேயே அமைந்துவிட்டது.

ஸ்டோமா பார்க்கச் சிவப்பாக, ஈரமாக, கன்னத்தின் உட்புறம் போல இருக்கும். தொட்டால் வலிக்காது, துடைக்கும்போது துளி ரத்தம் வந்தால் பயமில்லை. கறுத்துப் போனால் மட்டும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்யுங்கள், நிறைய விட்டால் கனத்தில் கழன்றுவிடும். சுற்றியுள்ள தோலை வெறும் தண்ணீரில் கழுவி ஒற்றித் துடைத்தால் போதும். டெட்டால், பவுடர், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம், எண்ணெய் பட்டால் பை ஒட்டாது. குளிக்கலாம், தண்ணீர் உள்ளே போய்விடாது. வெங்காயம், முட்டை, முட்டைக்கோஸ், மீன் வாடையைக் கூட்டும், அவரவர் பார்த்துக் குறைத்துக்கொள்ளலாம். கொலாஸ்டமிக்குப் பிறகும் ஆசனவாய் வழியாகச் சளியோ, கட்டி உள்ளேயே இருந்தால் கொஞ்சம் ரத்தமோ வரும். குடலின் கீழ்ப்பகுதி இன்னும் இருப்பதால் அப்படி. இதை முன்பே சொல்லாததால் பலர் பதறிப் போகிறார்கள்.

பை மாற்ற வீட்டில் இரண்டு பேராவது கற்றுக்கொள்ளுங்கள், அதில் ஒருவர் மகனாகவோ கணவராகவோ இருக்கட்டும். எல்லாவற்றையும் மருமகள் தலையில் போட்டுவிட்டு, "நல்லா பார்த்துக்கிறா" என்று பாராட்டிவிட்டுப் போவது நியாயமில்லை. முடிந்தவர்கள் நோயாளியே தன் கையால் மாற்றக் கற்றுக்கொண்டால் அவர்களுடைய கண்ணியம் அவர்கள் கையிலேயே இருக்கும்.

வலிக்கு மார்ஃபின் கொடுத்தால் மயங்கிக் கிடப்பார், கலிமா சொல்ல நாவு வராது, போதைக்கு அடிமையாவார் என்றெல்லாம் பேசப்படுகிறது. அளவறிந்து கொடுக்கும் மார்ஃபின் மாத்திரையில் முதல் சில நாட்கள் தூக்கம் வரும், பிறகு தெளிவாகவே இருப்பார்கள். வலியில் துடிப்பவரால்தான் தொழவும் முடியாது, திக்ரு செய்யவும் முடியாது. மருத்துவத் தேவைக்காக டாக்டர் தருவது ஆகுமானது என்றே ஆலிம்கள் சொல்கிறார்கள். மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும். 2014இல் சட்டம் திருத்தப்பட்ட பின், அனுமதி பெற்ற மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருப்பது முன்பைவிட எளிதாகியிருக்கிறது. பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய நோய்த்தணிப்புப் பணி, பிறகு மலப்புரம் முதலிய மாவட்டங்களில் ஊர்மக்களே வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் இயக்கமாக வளர்ந்தது. நம் ஊரில் ஜனாஸாவுக்கு ஐந்நூறு பேர் கூடுகிறோம். அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் அந்த வீட்டுக்கு எத்தனை பேர் போனோம்?

கடைசியாக, நோயாளியிடம் சொல்வதா மறைப்பதா? அந்தப் பெரியவரின் பிள்ளைகள், "அத்தாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று எங்களிடம் கெஞ்சினார்கள். புண் ஆறியதும் அவர், "பையை எப்ப எடுப்பாங்க?" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் மூத்த மகனே டாக்டர் முன்னிலையில் மெதுவாகச் சொன்னார். பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு தையல் மெஷினின் இழுப்பறையிலிருந்த நோட்டை எடுத்துவரச் சொன்னார். யாருக்கு எவ்வளவு கடன், யார் துணி தைக்காமல் கிடக்கிறது, எல்லாம் அதில் இருந்தது. மனைவிக்குக் கொடுக்காமல் இருந்த மஹர் பாக்கியும் கூட. அதன் பிறகு அவர் ஏழு மாதம் இருந்தார். கடன் எல்லாவற்றையும் தீர்த்தார், வஸிய்யத்தை எழுதிவைத்தார், இரண்டு முறை கீமோவை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தானே மீண்டும் ஆரம்பித்தார், ரமளானில் வீல்சேரில் தராவீஹுக்கு வந்து கடைசி ஸஃபில் இருந்து தொழுதார். பிள்ளைகள் மறைத்தே வைத்திருந்தால் அந்த நோட்டு இழுப்பறையிலேயே கிடந்திருக்கும்.

செலவு பற்றி. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. கேன்சர் ஆபரேஷன்களும் இதில் அடங்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்யுங்கள். நோய் வந்த பிறகு அலைவதைவிட இப்போதே அட்டை எடுத்து வைத்துக்கொள்வது மேல். காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் இரண்டிலும் நோயாளிகளைப் பார்க்கிறார்கள். மருத்துவமனைக்கு வர முடியாத படுக்கை நோயாளிகளுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கவனிக்கும் ஏற்பாடு உண்டு, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்து வையுங்கள்.

எங்கள் குழுவிலும் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். அடைப்புக்கான ஆபரேஷன் விண்ணப்பம் வந்தால் மாதக் கூட்டத்துக்குக் காத்திராமல், இரண்டு உறுப்பினர்கள் கையெழுத்திட்டு அன்றே தொகை கொடுக்கப்படும். ஸ்டோமா பைகள் அலுவலகத்தில் இருப்பு வைத்திருக்கிறோம். வேண்டியவர்கள் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வாருங்கள், டிஸ்சார்ஜ் சீட்டும் இப்போது ஒட்டும் பையின் அட்டையும் கொண்டுவந்தால் அதே அளவில் தர வசதியாக இருக்கும். பெண்களுக்குத் தனி அறையில், பெண் நர்ஸ் ஒருவர் பை மாற்றக் கற்றுத் தருகிறார். பிரிந்துபோன உறவினரின் பயன்படுத்தாத பைகள் வீட்டில் இருந்தால், உறை பிரிக்காமல் எங்களிடம் சேர்த்துவிடுங்கள்.